வேகக் காரு வேணுமாம் பேராண்டிக்கு

ஏஞ்சாமி, டாடாக்காரன் அந்த டியாகோ ஜேடிபிங்கற வேகக் காரை நிறுத்தி வருசம் அஞ்சுக்கு மேல ஆச்சு. நீ இன்னும் அதையே நெனச்சு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறே. உன்ற அப்பாரு போய்ச் சேந்தப்பக்கூட மூணாம் நாளே புரோட்டாக் கடையில உக்காந்திருந்த பையன் நீ. இந்தக் காருக்கு மட்டும் துக்கம் தீர மாட்டேங்குது. “கம்பெனிக்காரனுக்கு ரசனையே இல்லை அப்புச்சி, எங்களையாட்ட ஆளுகளுக்குன்னு ஒரு வண்டி செய்யறானா பாரு”ன்னு நீ பொலம்புறதைக் கேட்டுக் கேட்டு நம்ம எருமைக்கே மனப்பாடம் ஆகிப்போச்சு. சரி, இன்னைக்கு மழை வேற. தோட்டத்துல சோலி இல்லை. கட்டல்ல உக்காரு, அந்தப் பொலம்பலை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துப்போடலாம்.

நான் காரைப் பத்திப் பேசுனா உனக்குச் சிரிப்பு வரும், தெரியும். வேட்டிய மடிச்சுக் கட்டுன கெழவனுக்கு டர்போவைப் பத்தி என்ன தெரியும்ங்கறே. கணபதியில வெகு காலம் லேத்துப் பட்டறை வெச்சிருந்தவன்டா நான். அது போக, நீ படிச்சுப்போட்டு எறிஞ்சுட்டுப் போற கார் புஸ்தகம் அத்தனையும் ஆரு படிக்கிறதுன்னு நெனச்சே? உன்ற அமுச்சி அதைக் கிழிச்சு பஜ்ஜி எண்ணெய் ஒத்தறதுக்கு முன்னால மத்தியானம் படுத்தாப்புல நான் ஒரு நடை முடிச்சர்றேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. செய்யவே இல்லைங்கறியே, செய்யலையா? 1999-ல மறைமலை நகர்ல இருந்து ஃபோர்டுக்காரன் ஐக்கான் 1.6 கொண்டாந்தான். 2001-ல ஃபியட்டுக்காரன் பாலியோவுல 1.6 எஞ்சினைத் தூக்கி வெச்சு ஜிடிஎக்ஸ்னு பேரு போட்டு, கிட்டத்தட்ட 100 குதிரைத் திறனோட வுட்டான். அந்தக் காலத்துல சின்னக் காருக்கு அது பேய் வேகம். அந்த வண்டிக்கு நம்ம சனம் குடுத்த பட்டம் என்ன தெரியுமா? “பெட்ரோல் குடிக்குது”. அத்தோட போச்சு. குடிக்கற மாப்பிள்ளைக்குக்கூட நம்மூர்ல பொண்ணு கெடைச்சுரும், குடிக்கற காருக்குக் கெடைக்காது.

அதே ஃபியட்டுக்காரன் சும்மா இருந்தானா? 2015 அக்டோபர்ல அபார்த் புன்டோ. 1.4 டி-ஜெட் டர்போ எஞ்சின், 145 குதிரை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு, வெலை 9.95 லட்சம். பத்து லட்சத்துக்குள்ள அத்தனை பலமுள்ள காரு அதுக்கு முன்னால நீ கண்டிருக்கியா? அன்னைக்கு நீயும் உன்ற கூட்டாளிகளும் குதிச்ச குதியை நான் பாத்தேன். படத்தைப் பிரிண்டு போட்டு ரூமுல ஒட்டி வெச்சிருந்தே. வாங்குனது எத்தனை பேரு? உன்ற கூட்டத்துல ஒருத்தன்கூட இல்லை. “சர்வீஸு சரியில்லைங்கறாங்க”ன்னே, “ஃபியட்டு இருக்குமோ போயிருமோ”ன்னே, “ரீசேல் வராது”ன்னே. ரீசேலாம்! வேகத்துக்காக உசுரைக் குடுக்கறவன் பேசற பேச்சா அது? உங்க ஐயன் வாயிலருந்து வரவேண்டிய பேச்சு.

அப்புறம் 2017-ல மாருதிக்காரன் பலேனோ ஆர்எஸ் வுட்டான். 1 லிட்டர் பூஸ்டர்ஜெட்டு, 102 குதிரை, 8.69 லட்சம். அவன் வெளிநாட்டுல வித்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை இங்க கொண்டாரலைன்னு அழுதுக்கிட்டிருந்த நீங்க, இதைக் கொண்டாந்ததும் “பத்தலை”ன்னு மூக்கைச் சுருட்டுனீங்க. 2019 செப்டம்பர்ல அவனே ஒரு லட்சம் வெலையைக் கொறைச்சுப் பாத்தான். அடுத்த வருசமே ஆட்டத்தை முடிச்சுக்கிட்டான். நாட்டுலயே அதிகமா காரு விக்கிறவன், மூலைக்கு மூலை சோரூம் வெச்சிருக்கறவன், அவனாலயே தள்ள முடியலைன்னா மத்தவன் அதுல என்ன பாடம் படிப்பான்னு நெனைக்கறே?

இப்ப உன்ற ஜேடிபிக்கு வர்றேன். அது நம்ம ஊரு சம்பந்தம். கோயமுத்தூரு ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ்காரங்க, ரேஸ் ஓட்டுன ஆனந்த் நடத்தற கம்பெனி, டாடாவோட பாதிக்குப் பாதி கூட்டுச் சேந்து செஞ்சது. இந்த ஊருல கரிவரதன்னு ஒருத்தர் இருந்தாரு. மாருதி எஞ்சினை வெச்சு ரேஸ் காரு கட்டி பசங்களுக்கு ஓட்டக் குடுத்த மனுசன். அவரு பேர்லதான் செட்டிபாளையத்துல ரேஸ் ட்ராக்கே இருக்குது. அப்படிப்பட்ட ஊருல இருந்து வந்த வண்டி. 2018 அக்டோபர்ல எறக்குனாங்க. சாதா டியாகோவுல 85 குதிரையா இருந்ததை 1.2 டர்போ எஞ்சின் வெச்சு 114 ஆக்கி, ஸ்பிரிங்கை இறுக்கி, அகலமான டயரு போட்டு, பேனட்டுல காத்துத் துளை வெச்சு, சைலன்சருக்குக் குரல் குடுத்து, வெலை 6.39 லட்சம். நல்லாக் கேட்டுக்கோ, ஆறு முப்பத்தொம்போது. அதுக்கு மேல ஒருத்தன் உங்களுக்கு மலிவா என்னத்தைக் குடுப்பான்? அவன் பொண்ணையும் சேத்துக் கட்டி வெக்கோணுமா?

அந்த வருசம் உனக்குச் சம்பளம் ஏறுச்சு. போனஸும் வந்துச்சு. நீ நேரா சோரூமுக்குப் போயி எடுத்துட்டு வந்தது என்ன வண்டி? டீசல். ஏன்டான்னு கேட்டா “லிட்டருக்கு 22 குடுக்குது அப்புச்சி”ன்னு பல்லைக் காட்டுனே. உன்ற கூட்டாளி அந்தக் கண்ணாடி போட்ட பையன், ஜேடிபியை டெஸ்ட் டிரைவ் மட்டும் மூணு சோரூமுல ஓட்டிப்போட்டு, “இன்னும் ரெண்டு வருசம் போகட்டும், செகண்ட் ஹேண்டுல பாதி வெலைக்கு வரும்”ன்னான். கெட்டிக்காரன். புது வண்டியா ஆராவது வாங்குனாத்தானடா அது பழைய வண்டி ஆகும்? அந்த மொதலாளை ஆரு பெத்துக் குடுப்பா?

பொங்க நோம்பிக்கு ரேக்ளா வுட்டா எத்தனை சனம் வருது பாத்திருப்பே. 200 மீட்டருக்கும் 300 மீட்டருக்கும் ரோட்டோட ரெண்டு பக்கமும் தலையாத்தான் தெரியும். விசில், துண்டு வீச்சு, காளைக்குப் பேரு சொல்லிக் கத்தறது. அத்தனை பேருல ஊட்டுல ரேக்ளாக் காளை கட்டியிருக்கறவன் எத்தனை? பருத்திக்கொட்டை, உளுந்தம்பொட்டு, ஓட்டறதுக்கு ஒரு ஆளு, நீச்சலுக்கு ஒரு ஆளுன்னு செலவு பண்றவன் ஊருக்கு ஒருத்தன் தேற மாட்டான். பருத்திக்கொட்டை யாவாரி கூட்டத்தைப் பாத்து மூட்டை எறக்க மாட்டான் கண்ணு. கட்டுத்தறியைப் பாத்துத்தான் எறக்குவான். நீயெல்லாம் ரோட்டோரக் கூட்டம்.

கோவிச்சுக்காதே, காபி வருது. கம்பெனிக்காரன் பக்கத்துக் கணக்கையும் சொல்றேன் கேளு. அது உன்ற புஸ்தகத்துல வராது.

ஒரு தடவை பெரிய கார் கம்பெனி ஒண்ணுலருந்து பர்ச்சேஸ் ஆளு ஒருத்தரு என்ற பட்டறைக்கு வந்தாரு. கையில ட்ராயிங்கு. ஸ்பெசல் மாடலுக்கு ஒரு ப்ராக்கெட்டு. சாதா மாடலுக்கு நாங்க ஏற்கெனவே பண்ணிக் குடுத்துக்கிட்டிருந்ததுதான், ஆனா இதுல ரெண்டு ஓட்டை கொஞ்சம் தள்ளி, தகடு ஒரு கேஜு தடிமன். வருசத்துக்கு எத்தனைங்கன்னேன். “ஆயிரம் இருக்கும், கூடலாம் கொறையலாம்”ன்னாரு. ‘கொறையலாம்’னு சொல்றப்ப மனுசன் ட்ராயிங்கைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, என்ற மூஞ்சியைப் பாக்கலை.

நான் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஓட்டை தள்ளிப் போனா ஜிக்கு புதுசு. தகடு தடிச்சா டை புதுசு. ஓடிக்கிட்டிருக்கற மிசினை நிறுத்தி, பழைய டையை எறக்கி, புதுசை ஏத்தி, செட்டிங் பாத்து, மொதல் பீஸை அளந்து, சரியில்லைன்னு மறுபடி ஷிம்மு வெச்சு, இப்படியே அரை ஷிப்டு போயிரும். ஓடறது என்னமோ ரெண்டு மணி நேரம். அந்தப் பீஸுக்குத் தனி ட்ரே, தனி லேபிளு, தனி இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்டு. பையன் தூக்கக் கலக்கத்துல சாதா ப்ராக்கெட்டை எடுத்து இந்த ட்ரேயில போட்டான்னா லாட்டு முழுக்கத் திரும்பி வரும். இதுல ஸ்பேர் பார்ட்ஸுக்குன்னு வண்டி நின்ன பொறகும் பத்து வருசத்துக்கு டையை எண்ணெய் தடவி எடத்தை அடைச்சு வெச்சிருக்கோணும். சாதா ப்ராக்கெட்டு 40 ரூவாய்க்குக் குடுத்துக்கிட்டிருந்தேன். இதுக்கு 300 சொன்னேன். சண்டைக்கு வருவாருன்னு பாத்தா, சிரிச்சாரு. “எல்லாப் பட்டறையிலயும் இதையேதானுங்க சொல்றாங்க”ன்னு சொல்லிப்போட்டுக் காபியைக் குடிச்சுட்டுப் போனவருதான். அந்த ஸ்பெசல் மாடலு வரவே இல்லை.

அது ஒரு ப்ராக்கெட்டு. உன்ற வேகக் காருல மாறுறது எத்தனைன்னு எண்ணிப் பாரு. ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பரு, பிரேக்கு, கிளட்ச்சு, கியர் ரேசியோ, ரேடியேட்டரு, இன்டர்கூலரு, சைலன்சரு, பம்பரு, சீட்டு. ஒவ்வொண்ணுக்கும் எவனோ ஒரு பட்டறைக்காரன் பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுவான். அதுக்கு மேல எஞ்சினோட கம்ப்யூட்டருக்குப் புதுசாப் பாடம் சொல்லிக் குடுக்கோணும். குளுருல, வெய்யில்ல, மலையில, மட்டமான பெட்ரோல்ல எல்லாம் ஓட்டிப் பாத்துச் சொல்லிக் குடுக்கோணும். ஆயிரம் வண்டிக்கும் அதே பாடு, லட்சம் வண்டிக்கும் அதே பாடு. பேச்சுக்கு 50 கோடி செலவுன்னு வெச்சுக்கோ. லட்சம் வண்டி வித்தா வண்டிக்கு 5,000 ரூவா. ஆயிரம் வண்டி வித்தா வண்டிக்கு 5 லட்சம். உன்ற ஜேடிபியோட வெலையே 6.39. மிச்சம் இருக்கற ஒண்ணு முப்பத்தொம்போதுல எஞ்சினைச் செய்வானா, டயரு வாங்குவானா?

அதனாலதான் புத்தியுள்ளவன் சாதா வண்டியில இருக்கறதையே எடுத்து ஒட்டுப்போட்டுச் செய்யறான். ஜேடிபியும் அப்படித்தான் பொழைச்சுது, ஒன்றரை வருசம். அப்புறம் சட்டம் வந்துச்சு. 2019 அக்டோபர்ல மோதல் சோதனை எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம். 2020 ஏப்ரல் 1-ல இருந்து பிஎஸ்-6. புகை விதி மாறுனா எஞ்சினோட பாடத்தை மொதல்லருந்து சொல்லிக் குடுக்கோணும், வடிகட்டியை மாத்தோணும், மறுபடி சோதனைக்கு அனுப்போணும். சாதா டியாகோவுக்கு அந்தச் செலவைப் பண்ணுனா திருப்பி எடுத்துரலாம். ஜேடிபிக்கு? அந்த நேரம் காரு யாவாரமே நாடு பூராவும் படுத்துக் கெடந்துச்சு. கூட்டைக் கலைச்சுப்போட்டாங்க. இதுல ரசனை எங்க வந்துச்சு, மனசு எங்க வந்துச்சு? ஒரு சட்டம் மாறுறப்பெல்லாம் மொதல்ல சாகறது கொஞ்சமா விக்கிற வண்டிதான். ஃபியட்டுக்காரன் கடையையே கட்டுனதும் இந்தப் பிஎஸ்-6 வாசப்படியிலதான்.

அந்த அபார்த் புன்டோவைச் செஞ்ச எடம் புனே பக்கம் ரஞ்சன்காவ்ங்கறது உனக்குத் தெரியும். ஃபியட்டும் டாடாவும் சேந்து நடத்துன ஃபேக்டரி. 2017-ல இருந்து அங்க என்ன ஓடுச்சுன்னு தெரியுமா? ஒரு பக்கம் ஜீப் காம்பஸு. இன்னொரு பக்கம் டாடா நெக்ஸான். நீ வாங்காத வண்டி செஞ்ச கூரைக்குக் கீழ, உன்ற மாமன் வாங்குன வண்டி. மாமன் நெக்ஸானைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனப்ப நீ என்ன சொன்னே, “சோப்பு டப்பா மாதிரி இருக்குது”ன்னு. சோப்பு டப்பாக்காரன் காசு குடுத்தான் கண்ணு. ஃபேக்டரியில ஒரு வண்டி எறங்கற நேரத்துல இன்னொரு வண்டி எறங்க முடியாது. எதுல காசு நிக்குதோ அதுக்குத்தான் எடம்.

டெல்லிக்காரன் கையில ஒரு டேப்பு இருக்குது, அதையும் மறந்துராதே. 2006 பட்ஜெட்டுல வந்த ஏற்பாடு. வண்டி நீளம் நாலு மீட்டருக்குள்ள இருக்கோணும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கு மேல போகக் கூடாது. அப்படி இருந்தாச் சின்னக் காரு, வரி கம்மி. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கோடு அழியலை. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டியை மாத்துனப்பக்கூட கோட்டுக்குள்ள இருந்தா 18 பர்சென்ட்டு, வெளிய போனா 40. அபார்த் புன்டோ நீளத்துல தப்பிச்சுது. எஞ்சின் 1,368 சி.சி. டேப்புக்கு 168 மிஞ்சிப் போச்சு. ஜேடிபிக்காரங்க வெவரமா 1,199-க்குள்ள நின்னாங்க. பெரிய எஞ்சினை வெச்சு ஆசை தீர ஒரு வண்டி செய்யலாம்னு எவனாவது எஞ்சினியரு ராத்திரியில கனவு கண்டாலும், காலையில கணக்குப்பிள்ளை டேப்பைக் காட்டி உக்கார வெச்சிருவான். ஐரோப்பாவுல இன்னும் மோசம். அங்க ஒரு கம்பெனி விக்கிற அத்தனை காரோட புகையையும் கூட்டி வகுத்து, அளவுக்கு மேல போற ஒவ்வொரு கிராமுக்கும் வண்டிக்கு 95 யூரோ தண்டம். வித்த ஒவ்வொரு வண்டிக்கும்! ஒரு வேகக் காரு பண்ற பாவத்துக்கு ஊர்ல இருக்கற சாதுக் காரெல்லாம் சேந்து அபராதம் கட்டுன கதை. ஃபோர்டுக்காரன் அந்தப் பேரு போன ஃபோக்கஸ் ஆர்எஸ்ஸை 2020-ல கைகழுவுனது அதுக்கோசரந்தான். நம்ம நாட்டுலயும் அதே வகையில கூட்டி வகுக்கற விதி வந்தாச்சு.

இதெல்லாம் போக, உங்க கொணம் ஒண்ணு இருக்குது. சொன்னாச் சுருக்குனு வரும், ஆனா சொல்றேன். சாதாக் குடும்பஸ்தன் காரு வாங்குனா சீட்டு பாலித்தீனைக்கூடப் பிரிக்க மாட்டான். நீங்க? வண்டி வந்த மறுவாரமே பூட்டுன சைலன்சரைக் கழட்டிப் போட்டு வேற மாட்டுவீங்க. எஞ்சினோட கம்ப்யூட்டரை எவன்கிட்டயோ குடுத்து “ரீமேப்பு” பண்ணுவீங்க. கம்பெனி 114-ல நிறுத்தி வெச்சதை 150-க்கு ஏத்தி, பல்லடம் ரோட்டுல கிளட்ச்சைக் கருக்கிப்போட்டு, ராத்திரியோட ராத்திரியா பழைய புரோகிராமை ஏத்தி, காலையில நல்ல புள்ளையாட்ட வாரன்ட்டிக்குப் போயி நிப்பீங்க. “ஒண்ணுமே பண்ணலைங்க, தானா வாசம் வந்துச்சு”ன்னு. சர்வீஸு சென்டர்ல இருக்கறவன் மூக்கு என்ன கடனுக்கு வாங்குனதா? கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிப்போட்டுது. நீங்க அதையும் படத்துக்குப் போட்ட வார்னிங் மாதிரி பாத்துட்டுப் போயிருவீங்க. ஆயிரம் வண்டி வித்து அதுல இருநூறு வாரன்ட்டிக்கு வந்து நின்னா, டீலரு அடுத்த தடவை அந்த வண்டியை ஸ்டாக்கு எடுக்கவே பயப்படுவான்.

இதுல கெட்டிக்காரன் ஆருன்னா, நம்ம ஸ்ரீபெரும்புதூருக்காரன். ஹூண்டாயி. அவன் 2021-ல ஐ20 என் லைன்னு ஒண்ணு வுட்டான். எஞ்சின் என்னமோ சாதா ஐ20 டர்போவுல இருந்த அதே 1 லிட்டரு, அதே 120 குதிரை. கொஞ்சம் ஸ்பிரிங்கை இறுக்குனான், சைலன்சர் சத்தத்தைக் கொஞ்சம் தடிக்க வெச்சான், செவப்புக் கோடு இழுத்தான், முன் பிரேக்கு காலிபருக்குச் செவப்புச் சாயம் அடிச்சான், அங்கங்க ‘என்’னு எழுதி வுட்டான். ஐரோப்பாவுல அவனே வித்த அசல் ஐ20 என்-ல 1.6 எஞ்சின், 204 குதிரை. அதை இங்க கொண்டாரவே இல்லை. உனக்குக் கோவம் வந்துச்சு. எனக்கு வந்தது மரியாதை. எஞ்சினைத் தொட்டா சோதனை, சட்டம், டை, வாரன்ட்டி. சாயத்தைத் தொட்டா சாயச் செலவு. வாங்குறவன்ல முக்கால்வாசிப் பேருக்கு வேணுங்கறது வேகமில்லை கண்ணு, சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பாக்கோணும். அதுக்குச் சாயம் போதும்னு அவன் கண்டுபுடிச்சுப்போட்டான்.

அப்ப வெளிநாட்டுல மட்டும் எப்படிச் செய்யறான்னு கேப்பே. செய்யறவனுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும். டொயோட்டாக்காரன் ஜிஆர் யாரிஸ் செஞ்சான் 2020-ல. மூணு சிலிண்டர்ல அத்தனை பலம் எடுத்தது, நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுத்தது, எல்லாம் ராலிப் பந்தயத்துக்கோசரம். பந்தயத்துல ஓட்டற வண்டியை ரோட்டுலயும் வித்திருக்கோணுங்கறது விதி. அது போக, அந்தக் கம்பெனித் தலைவரு அகியோ டொயோடாவே மோரிஸோன்னு மாத்துப் பேரு வெச்சுக்கிட்டு ரேஸ் ஓட்டற மனுசன். மொதலாளிக்கே கிறுக்குப் புடிச்சா கணக்குப்பிள்ளை என்ன பண்ணுவான்? மோட்டோமாச்சிங்கற ஃபேக்டரியில அதுக்குன்னு தனி எடம் ஒதுக்கி, ஓடற லைன்ல வெக்காம நிறுத்தி நிறுத்திப் பூட்டறாங்க. வேடிக்கை என்னன்னா, எந்த ராலி வண்டியை மனசுல வெச்சு அதைச் செஞ்சாங்களோ அந்த வண்டி கொரோனா வந்ததால பந்தயத்துக்கே போகலை. ரோட்டு வண்டி மட்டும் பொழைச்சுக்கிட்டுது.

மத்தவங்க சம்பந்தம் பண்ணிச் செலவைப் பங்கு போட்டுக்கறாங்க. டொயோட்டா 86-ம் சுபாரு பிஆர்இசட்டும் ஒரு வயித்துப் புள்ளைக. டொயோட்டா சுப்ராவும் பிஎம்டபிள்யூ இசட்4-ம் ஆஸ்திரியாவுல கிராஸ்ங்கற ஊருல ஒரே கூரைக்குக் கீழ செஞ்சது. அத்தனாம் பெரிய கம்பெனிகளுக்கே தனியாச் செய்யக் கட்டுப்படி ஆகலை.

இங்கயும் இன்னொரு கூத்து நடந்துச்சு. 2016 நவம்பர்ல ஃபோக்ஸ்வாகன்காரன் போலோ ஜிடிஐயை வெளிநாட்டுல இருந்து முழுசா எறக்கிக் கொண்டாந்தான். 1.8 டர்போ, 192 குதிரை, பின்னால ஏறக் கதவு கெடையாது, வெலை 25.65 லட்சம். மொத்தமே 99 வண்டிதான். நாட்டுல இத்தனை கோடிப் பேருல 99 கிறுக்கன் கெடைக்க மாட்டானான்னு நெனச்சிருப்பான். வெலையை 19.99-க்குக் கொறைச்சு வித்தான். அதே கம்பெனி 2025 மே மாசம் கோல்ஃப் ஜிடிஐயைக் கொண்டாந்தான், 53 லட்சம். மொதல் 150 வண்டி, வெலை சொல்றதுக்கு முன்னாலயே புக்கிங்குல காலி. அதே வருசம் ஸ்கோடாக்காரன் ஆக்டேவியா ஆர்எஸ் 100 வண்டி, அதுவும் காலி. இதுல இருந்து கம்பெனிக்காரனுக்கு என்ன தோணும்? ஆறரை லட்சத்துல வேகம் கேக்கறவன் பேசுவான், அம்பது லட்சத்துல கேக்கறவன் செக்குப் போடுவான். அதனால இனிமே உனக்கு வேகம் கப்பல்ல வரும், நூறு நூறா, நீயும் நானும் கிட்டப் போக முடியாத வெலையில. எறக்குமதி வரி கட்டியும் அவனுக்கு அதுல தலைவலி கம்மி. டை வேண்டாம், ப்ராக்கெட்டு வேண்டாம், என்ற மாதிரி பட்டறைக்காரன்கிட்ட பேரம் வேண்டாம்.

டாடாக்காரன் 2024-ல ஆல்ட்ரோஸ் ரேசர்னு ஒண்ணு வுட்டானே, நெக்ஸானோட எஞ்சினைத் தூக்கி வெச்சு, 120 குதிரை, ஆரம்ப வெலை 9.49 லட்சம். அப்பக்கூட நீ போயி நாலு போட்டோ புடிச்சுட்டு வந்தே. கேட்டா “இன்னும் 10 குதிரை குடுத்திருக்கலாம் அப்புச்சி”ங்கறே. உனக்கு வேணுங்கறது காரா, குறை சொல்றதுக்கு ஒரு காரா?

எண்பதுகள்ல ராஜ்தூத் 350-ன்னு ஒரு பைக்கு வந்துச்சு, யமஹா ஆர்டி எஞ்சின். 1983-ல வுட்டாங்க. வெலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம்னு சனம் தள்ளி நின்னே பாத்துச்சு. தொண்ணூறு வர்றப்ப நின்னு போச்சு. இப்ப அதே வண்டி துருப்புடிச்சுக் கெடந்தாலும் லட்சக்கணக்குல குடுத்து, தொடைச்சு, நடுக்கூடத்துல நிறுத்தறாங்க. அன்னைக்கு வாங்காத அதே ஆளுகதான். செத்த வண்டிக்குத்தான் நம்மூர்ல மவுசு ஜாஸ்தி.

சரி, உன்ற மூஞ்சி சுருங்கறதைப் பாக்க எனக்கும் நல்லா இல்லை. உருப்படியா ஒண்ணு சொல்றேன். அழுதுக்கிட்டு இருக்கறதை வுட்டுப்போட்டு, பழைய ஜேடிபி ஒண்ணு தேடு. உன்ற கண்ணாடிக் கூட்டாளி தேடறதுக்கு முன்னால தேடு. பேனட்டைத் தொறந்து டர்போப் பக்கம் எண்ணெய்க் கசிவு பாரு. கொஞ்ச நேரம் சும்மா ஓட வெச்சு, அப்புறம் ஒரு முறுக்கு முறுக்கி, சைலன்சர்ல நீலப் புகை வருதான்னு பாரு. ஆயில் மாத்துன சர்வீஸ் பில்லு வருசத்துக்கு வருசம் இருக்கோணும். டர்போ வண்டியில ஆயிலுக்குக் கஞ்சத்தனம் பண்ணுனவன்கிட்ட வாங்காதே. நாலாவது கியர்ல ஏத்தத்துல மிதி, ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச்சு போச்சு, வெலையில கழி. பம்பரும் பேனட்டும் அந்த வண்டியோடதுதானான்னு பாரு. இடிச்சிருந்தா அந்தச் சாமான் இப்பக் கெடைக்கறது குதிரைக்கொம்பு. முக்கியமா, விக்கறவன் “சுத்தமா ஸ்டாக்கு வண்டிங்க”ன்னு ரெண்டு தடவைக்கு மேல சொன்னா, எவனோ ரீமேப்பு பண்ணிக் கிழிச்சிருக்கான்னு அர்த்தம். எந்திரிச்சு வந்துரு.

வாங்கிப்போட்டு பல்லடம் ரோட்டுல வித்தை காட்டாதே. வேகம் வேணும்னா செட்டிபாளையத்து ட்ராக்குல காசு கட்டி ஓட்டு. வண்டி பாக்கப் போறப்ப என்னையும் கூட்டிக்கோ. வெலை பேசறதுக்குத்தான், வேற ஒண்ணுமில்லை. ட்ராக்குக்குப் போற அன்னைக்கும் கூப்புட்டாத் தப்பில்லை. எனக்குன்னு ஒரு ஹெல்மெட்டு மட்டும் வாங்கி வை, தலை பெருசு, அளவு பாத்து வாங்கு. லிட்டருக்கு எத்தனை குடுக்குதுன்னு உன்ற அம்மா கேட்டா நீ வாயைத் தொறக்காதே. பதினெட்டுன்னு நான் சொல்லிக்கறேன்.